உண்ணிச்செடிப் புதரில் பறவை அதிகமாகத் தெரிந்தால்

வணக்கம் டீச்சர். ஏற்காட்டில் உங்கள் பிள்ளைகள் எண்ணியபோது சோலைக்காட்டைவிட உண்ணிச்செடி (லந்தானா) புதரில்தான் பறவைகள் அதிகம், "அப்போ அந்தச் செடி நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, அடக்கிவிடாதீர்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். எந்தப் பறவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சின்னான்களாக (புல்புல்) இருக்கும். கறுத்துப் பழுத்த உண்ணிப்பழத்தை விழுங்கி, எச்சத்தில் விதை போட்டு அந்த அமெரிக்கச் செடியை மலையெங்கும் பரப்புவதே அவைதான்.

சருகைப் புரட்டிப் புழு தேடும் செந்தலைப் பூங்குருவி அங்கே தென்படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடர்ந்த புதருக்கு அடியில் குனிந்து பார்க்கட்டும், மரக்கன்றுகள் அரிதாகத்தான் இருக்கும். இன்றைய மரம் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வர அடுத்தது இல்லை. மரத்தைக் குடைந்து கூடு வைக்கும் குக்குறுவானுக்கு விழும் அடி அது, ஆனால் இந்த வருட எண்ணிக்கையில் தெரியாது.

அப்புறம், புதர், சோலை, காபித் தோட்டம் மூன்றிலும் காலை 6 முதல் 8 மணிக்குள், இடத்துக்கு 10 நிமிடம், ஒரே தூரத்துக்குள் எண்ணட்டும். புதருக்குள் இருப்பது கண்ணில் படாது. கேட்ட குரலைத் தனியாகக் குறிக்கட்டும். பழம் குறைந்த மாதத்திலும் ஒருமுறை எண்ணிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள்.