அயெந்தே 36 சதவீதத்தில் அதிபரானது எப்படி?

1970-ல் சிலியின் அதிபரான அயெந்தே பற்றிய உங்கள் கட்டுரைக்காக, ஓரிடத்தில் 36 சதவீதம், இன்னோரிடத்தில் 153 வாக்கு என்று பார்த்து எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். முதலாவது மக்கள் போட்டது, மற்றது நாடாளுமன்றம் போட்டது.

சிலியில் அப்போது இருந்தது 1925 அரசமைப்பு. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரில் ஒருவரை இரு அவைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். 1970 செப்டம்பர் 4-ல் சால்வடோர் அயெந்தே முதலிடம், இரண்டாமிடம் வந்த வேட்பாளர் அலெஸ்ஸாந்திரி ஒன்றரை சதவீதம்கூடப் பின்தங்கவில்லை. அக்டோபர் 24-ல் நாடாளுமன்றம் கூடியபோது அயெந்தேவுக்கு 153 வாக்கு, அலெஸ்ஸாந்திரிக்கு 35. மூன்றாம் இடம் வந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி கைகொடுத்ததால்தான் இவ்வளவு வித்தியாசம். அதுவும் சும்மா இல்லை. பத்திரிகை, கட்சிச் சுதந்திரங்களுக்கு அரசமைப்பிலேயே உறுதி கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஆதரித்தார்கள்.

இப்போதைய சிலியில் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு இருப்பதை வைத்து நீங்கள் குழம்பியிருக்கலாம். அது 1980 அரசமைப்போடு வந்தது.

சந்தேகம் இருந்தால் 1958 முடிவைப் பாருங்கள். அதே அலெஸ்ஸாந்திரி அன்று மூன்றில் ஒரு பங்குகூட வாங்கவில்லை, அயெந்தே இரண்டாமிடம். நாடாளுமன்றம் அலெஸ்ஸாந்திரியையே அதிபராக்கியது. அதை மறைத்துவிட்டு அயெந்தேவை மட்டும் பாதி வாக்குகூட வாங்காத 'சிறுபான்மை அதிபர்' என்பது நியாயமே இல்லை. தயவுசெய்து உங்கள் கட்டுரையில் அப்படி எழுதாதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: 1970-ல் அயெந்தே வாங்கிய சதவீதம் சில இடங்களில் 36.2, சில இடங்களில் 36.6 என்று இருக்கும். வெற்று, செல்லாத வாக்குகளைச் சேர்த்தால் முதலாவது, விட்டால் இரண்டாவது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.