ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் லண்டனின் அழகை ஏன் ஆடையோடு ஒப்பிடுகிறார்? அது உவமையா, உருவகமா?

உவமைதான். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நின்று பார்த்ததாக அவர் எழுதிய 14 வரிக் கவிதையில், நகரம் காலையின் அழகை ஓர் ஆடையைப் போல உடுத்தியிருக்கிறது என்று 'போல' போட்டே சொல்கிறார். ஆடை என்றால் கழற்றக்கூடியது இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது: இந்த அழகு லண்டனுக்குச் சொந்தமில்லை, விடியலில் கொஞ்ச நேரம் உடுத்திக்கொண்டது, அடுப்புகள் எரிந்து நிலக்கரிப் புகை கிளம்பினால் போச்சு. காற்றில் புகையில்லை என்று அவரே ஒரு வரியில் சொல்கிறார். 1802 ஜூலைக் கடைசியில் கூடவே பயணித்த தங்கை டொரோத்தியின் நாட்குறிப்பிலும் புகை மூடாத வீடுகள் வருகின்றன.

வேடிக்கை என்னவென்றால், ஆடை என்று சொன்ன கையோடு கப்பல்கள், கோபுரங்கள், குவிமாடங்கள் எல்லாம் மறைப்பின்றி வெறுமனே நிற்கின்றன என்கிறார். உடுத்தியும் இருக்கிறது, வெற்றுடம்பாகவும் இருக்கிறது.

உருவகம் வேண்டுமானால் கடைசி வரியைப் பாருங்கள். லண்டனே ஒரு மாபெரும் இதயம், அது அசையாமல் கிடக்கிறதாம். அமைதிதான், ஆனாலும் துடிக்காத இதயம் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.