தாக்கோவும் திசைகாட்டும் அம்பும்

அன்புள்ள ஐயா,

வீடியோ கேம்களைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். கல்லூரி விடுதியில் நண்பனின் கணினியில் முறைவைத்து ‘பால்டர்ஸ் கேட்’ முதல் பாகத்தை ஆடியவன் நான். என் அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். மூன்றாம் பாகத்தை முழுக்க முடித்த உற்சாகத்தில், “மாமா, நீங்கள் சொல்லும் பழையதையும் ஒரு கை பார்க்கிறேன்” என்று ஆரம்பித்தான். மந்திரவாதியாகத் தொடங்கினான். முதலில் வரும் விடுதியின் படிக்கட்டிலேயே கூலிக்கொலைகாரன் ஒருவன் கையில் திரும்பத் திரும்பச் செத்தான். “கவச எண் குறைந்தால் நல்லதா? இதையெல்லாம் யார் யோசித்தார்கள்?” என்று கேட்டுவிட்டு மூடிவைத்துவிட்டான்.

ஒரு பாத்திரமாக மாறி ஆடும் இந்தப் பழைய ஆர்பிஜிக்களை எளிமையாக்கி மறுபடி வெளியிட்டால் என்ன? இப்படிச் சொன்னாலே பழைய ரசிகர்கள் கொதிக்கிறார்கள். பெரிய நாவல்களுக்குச் சுருக்கப் பதிப்பு வருவதில்லையா? கடினமாக ஆட விரும்புகிறவர் அப்படியே ஆடட்டும், மற்றவர்களுக்கு ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் போதாதா? எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்வது யார்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் உங்கள் அக்கா மகனுக்கு. முதல் தடவை மந்திரவாதி வேண்டாம், வாள்வீரனாகத் தொடங்கச் சொல்லுங்கள். கூட வரும் இமோயனிடம் மந்திர அம்புகளை ஏவும் கோல் ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அவளுடைய பையைத் திறந்து பார்க்காதவர்கள் அதைக் கவனிப்பதில்லை. மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பவனுக்குக் காயம் பட்டால் மந்திரம் கலைந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் படிக்கட்டைத் தாண்டிவிடலாம். 2012இல் வந்த மேம்படுத்திய பதிப்பில் பின்னாளில் ‘கதை முறை’ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் நம் ஆட்கள் சாகமாட்டார்கள். அப்படி ஆடுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் சாகாதவனுக்குக் கவசம் எதற்கு, மருந்து எதற்கு, கூட்டாளி எதற்கு? கதை என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

உங்கள் பையனைத் தோற்கடித்தவை இரண்டு. அவன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டான், நீங்களும்தான்.

கவச எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் பயோவேர் நிறுவனம் அந்த ஆட்டத்தை உருவாக்கியபோது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இரண்டாம் பதிப்பின் விதிகளைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவதற்காக எழுதப்பட்ட விதிகள் அவை. ஒவ்வொருவருக்கும் அடிக்கும் திறனைக் காட்ட ‘தாக்கோ’ என்று ஓர் எண் உண்டு. அதிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழிக்க வேண்டும். உங்கள் தாக்கோ 20, எதிரியின் கவச எண் 5 என்றால், இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். கவசமே இல்லாதவனுக்கு 10. நல்ல கவசம் போடப் போட எண் இறங்கிக்கொண்டே போய்ச் சுழியத்துக்கும் கீழே போகும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது. பகடையில் விழுந்ததோடு உங்கள் திறனைக் கூட்டுங்கள், எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி. கழித்தல் போய்க் கூட்டல் வந்தது. அடி படுவதற்கான வாய்ப்பு மாறவில்லை, அதைக் கணக்கிடுகிறவனின் தலைவலி மட்டும் குறைந்தது. இந்த மாதிரி எளிமையை நான் இரு கையாலும் வரவேற்கிறேன். தாக்கோ போனதற்கு யாராவது அழுதால், அவர் தன் இளமைக்காகத்தான் அழுகிறார்.

மந்திரவாதியின் பலவீனம் வேறு விவகாரம். முதல் லெவலில் அவனுக்குக் கிடைப்பது நான்கு உயிர்ப்புள்ளி, உடல்வாகு நன்றாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு. கையில் ஒரே ஒரு மந்திரம். ஓநாய் ஒன்று சற்று வேகமாக வந்தாலே ஆட்டம் முடிந்தது. அதே மந்திரவாதி 2000இல் வந்த இரண்டாம் பாகத்தின் கடைசியில் காலத்தையே நிறுத்திவிட்டு, அசையாமல் நிற்கும் எதிரிகளுக்கு நடுவில் உலாவுவான். அந்தக் கர்வம் ஆரம்பத்தில் வாள்வீரனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நடந்தவனுக்கு மட்டுமே கிடைக்கக்கூடியது. முதல் லெவலிலேயே அவனுக்கு நாற்பது புள்ளி கொடுத்தால் அந்தப் படிக்கட்டில் அவன் சாகமாட்டான். பிற்பாடு காலத்தை நிறுத்தும்போது அவனுக்குப் பெரிதாக எதுவும் தோன்றவும் தோன்றாது.

இதை யாரும் உங்கள் பையனிடம் சொல்லவில்லை என்பது உண்மையான குறை. 1998இல் பெட்டியைத் திறந்தால் ஐந்து குறுந்தகடுகளோடு தடித்த கையேடு ஒன்றும் இருந்தது. மந்திரவாதியாக இருப்பதென்றால் என்ன என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆட்டத்தின் ஒரு பாதி தாளில் இருந்தது என்றே சொல்லலாம். இன்று பதிவிறக்கி ஆடுகிறவர்கள் அந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை. (நம் விடுதிகளில் கைமாறிய நகல் தட்டுகளோடும் கையேடு வந்ததில்லை. ஒரு தலைமுறையே குருட்டாம்போக்கில்தான் கற்றுக்கொண்டது.) கையேட்டில் இருந்ததைத் திரைக்குக் கொண்டுவருவது ஆட்டத்தை வெட்டுவதாகாது. விட்டுப்போனதைத் திருப்பிக் கொடுப்பது அது.

எளிமையாக்குவது என்றாலே முகம் சுளிக்கும் பழைய ரசிகர்களுக்கு நான் எப்போதும் நினைவூட்டுவது ஜப்பானிய ஆர்பிஜியான ‘டிராகன் குவெஸ்ட்’. இன்று அதுவே ஒரு செவ்வியல் ஆட்டம். 1986இல் அது வந்தபோது அப்பட்டமான எளிமைப்படுத்தல். அதை உருவாக்கிய யூஜி ஹோரிக்கு ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற இரண்டு அமெரிக்கக் கணினி விளையாட்டுகளின் மேல் பெரும் பித்து. 1981இல் ஆப்பிள் டூ கணினியில் வந்த விசார்ட்ரியில் கட்டத்தாளில் நாமே வரைபடம் போட்டுக்கொள்ள வேண்டும். செத்தவனைக் கோயிலுக்குத் தூக்கிப்போய்க் காணிக்கை கட்டினால் பிழைக்கலாம், பிழைக்காவிட்டால் சாம்பலாவான். சாம்பலையும் எழுப்ப முடியாமல் போனால் அவன் பெயரே பட்டியலில் இருக்காது. இதை ஹோரி கொண்டுசெல்ல வேண்டியிருந்தது ஒரு சிலுவைப் பொத்தானும் இரண்டு செயல் பொத்தான்களும் கொண்ட ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு, தொலைக்காட்சி முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளிடம்.

அவர் செய்ததைப் பாருங்கள். ஆறு பேர் கொண்ட குழுவை ஒரே வீரனாக்கினார். ஒரு நேரத்தில் ஓர் எதிரிதான். செத்தால் மன்னர் முன்னால் எழுந்து நிற்பீர்கள். கையிலிருந்த பணத்தில் பாதி போயிருக்கும், சம்பாதித்த அனுபவம் அப்படியே இருக்கும். தோற்றுத் தோற்றே வளரலாம் என்று பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடுகிறது. ஆட்டம் தொடங்கும் இடம் பூட்டிய கதவுள்ள அரியணை அறை. உள்ளே மூன்று பெட்டிகள், அதில் ஒன்றில் சாவி. பேசவும், எடுக்கவும், கதவைத் திறக்கவும் கற்றுக்கொள்ளாமல் அறையை விட்டு வெளியேற முடியாது. பாடம் நடத்துவதாகவே தெரியாமல் பாடம் முடிந்துவிடுகிறது. (படியில் இறங்குவதற்குக்கூட அதில் ஒரு கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதையும் எளிமை என்று நினைத்த காலம்.)

எனக்கு முக்கியமாகப் படுவது இதற்குப் பிறகு நடந்தது. 1987இல் இரண்டாம் பாகத்தில் வீரர்கள் மூவரானார்கள், எதிரிகள் கூட்டமாக வந்தார்கள். 1988இல் மூன்றாம் பாகத்தில் நால்வர்; அவர்களுக்கு வீரன், பூசாரி, மந்திரவாதி என்று தொழில்கள், நடுவில் தொழிலை மாற்றிக்கொள்ளும் வசதி வேறு. ஏறக்குறைய விசார்ட்ரி இருந்த இடத்துக்கே இரண்டு வருடத்துக்குள் பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார். எதை எடுக்கிறோம், அதை எப்போது திரும்பக் கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தவரின் வேலை அது.

இதே வேலையைக் கெடுத்ததற்கும் ஜப்பானிலேயே உதாரணம் உண்டு. 1991இல் ஸ்குவேர் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டசி’ நான்காம் பாகம் அமெரிக்காவுக்குப் போனபோது பாத்திரங்களின் தனித் திறன்கள் பலவற்றையும் பல பொருள்களையும் உருவிவிட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் பாகத்தை அப்போது அனுப்பவே இல்லை, 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் அமெரிக்கப் புதியவர்களுக்கென்றே 1992இல் ‘மிஸ்டிக் குவெஸ்ட்’ என்று தனியாக ஒன்றைச் செய்தார்கள். எதிரிகள் திரையில் நின்ற இடத்திலேயே காத்திருப்பார்கள். புதுக் கவசம் கிடைத்தால் பழையது தானாகக் கழன்று புதியது ஏறிக்கொள்ளும். கூட வருபவர் தானாகவே சண்டை போடுவார். தோற்றால் அதே சண்டையை உடனே மறுபடி ஆடலாம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் குற்றமில்லை. சிலவற்றை இன்றைய ஆட்டங்கள் பெருமையோடு செய்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது ஆடுகிறவனுக்கு யோசிக்க எதுவும் மிஞ்சவில்லை, அடுத்த படி என்று ஒன்றும் இல்லை. பிறகு ஜப்பானிலும் அதை வெளியிட்டார்கள், ‘ஃபைனல் ஃபேன்டசி யு.எஸ்.ஏ.’ என்று பெயர் வைத்து. அந்தப் பெயரிலேயே எல்லாம் தெரிகிறது. ஹோரி தன் பிள்ளைகளுக்கு இது புரியும் என்று நம்பி எளிமையாக்கினார். இவர்கள் அமெரிக்கப் பிள்ளைக்குப் புரியாது என்று முடிவு செய்துகொண்டு எளிமையாக்கினார்கள்.

சுருக்கப் பதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் ஆசிரியர் எழுதிய பக்கங்கள் குறைகின்றன. வாசகன் செய்யும் வேலை படிப்பதுதான், அது மாறுவதில்லை. ஆட்டத்தைச் சுருக்கும்போது குறைவது ஆடுகிறவனின் வேலை. அதனால் இந்த ஒப்பீட்டை நான் ஏற்கவில்லை.

உங்கள் சுவிட்சுக்கு வருகிறேன். எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. ‘மாரோவிண்ட்’ என்ற ஆர்பிஜி 2002இல் வந்தது. அதில் ஒரு வேலை கொடுத்தால் வழியை வாயால்தான் சொல்வார்கள். பால்மோரா ஊரிலிருந்து கிளம்பு, கோட்டையைத் தாண்டு, பாலத்தைக் கடந்து பழைய இடிபாட்டுக்குப் போ என்கிற மாதிரி. அதைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டைக் கண்டுபிடித்த பிறகும் கதவு திறக்காது. பக்கத்தில் இருக்கும் குழாயில் உள்ள திருகைச் சுழற்ற வேண்டும். உள்ளே தேடி எடுக்க வேண்டியதோ கைக்கு அடக்கமான ஒரு கனசதுரப் பெட்டி. அதை அலமாரியில் கவனிக்காமல் கடந்துபோனவர்கள் ஏராளம். சில வழிக்குறிப்புகள் தவறாகவே இருந்தன என்பதும் உண்மை. அதைத் திட்டிக்கொண்டேதான் அந்தத் தீவை மனப்பாடம் செய்தோம்.

2006இல் அதே வரிசையின் அடுத்த பாகமான ‘ஒப்ளிவியன்’ வந்தபோது திரையின் அடியில் ஒரு திசைகாட்டி, அதில் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்பு. 2011இல் அதற்கடுத்த பாகமான ‘ஸ்கைரிம்’ அதையே தொடர்ந்தது. வேண்டாதவர்கள் அந்தக் குறியை அணைத்துக்கொள்ளலாம், சுவிட்ச் இருக்கிறது. அணைத்துப் பாருங்கள். எந்த மலை, எந்தத் திருப்பம் என்று யாரும் உங்களிடம் சொல்வதில்லை. “வரைபடத்தில் குறித்துக் கொடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அம்பு இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதப்பட்ட வசனங்கள் அவை. இதற்குக் காரணம் ஆடுகிறவர்களின் சோம்பல் மட்டுமில்லை. மாரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தாகவே இருந்தது. ஒப்ளிவியனில் ஒவ்வொரு வரியையும் நடிகர்கள் பேசிப் பதிவு செய்தார்கள். பேசவைத்தால் செலவு. செலவு என்றால் வரிகள் சுருங்கும். முதலில் காணாமல் போவது வழி சொல்லும் வரிகள்தான். ஆக, நீங்கள் கேட்கும் சுவிட்ச் வேலை செய்ய வேண்டுமென்றால், ஆட்டத்தை எழுதும்போதே அம்பு இல்லாதவனையும் மனதில் வைத்து எழுத வேண்டும். கடைசியில் பட்டியலில் ஒரு பெட்டியைச் சேர்த்து டிக் செய்யச் சொல்வதால் ஆகிற காரியம் இல்லை.

பரவலான ஆடுநர்களைச் சேர்க்க வேண்டுமானால் சிக்கலைக் குறைத்தே ஆகவேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு உங்கள் அக்கா மகனே பதில். அவன் முடித்த மூன்றாம் பாகம் 2023இல் லாரியன் நிறுவனம் செய்தது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த விளையாட்டுக்கான விருதை வாங்கியது. அதில் மந்திரங்களும் விதிகளும் கொஞ்சநஞ்சமல்ல. பழைய பாகங்களில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டியபோது நிறுத்திக்கொள்ளலாம். இதிலோ ஒவ்வொருவராக முறை வைத்து அடிக்கும் நிதானமான ஆட்டம். வேகமாக்கவில்லை, மெதுவாக்கினார்கள். எதிரிமேல் சுட்டியை வைத்தால் அடி படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தெரிகிறது. பேச்சில் ஒருவனை மடக்கப் பார்த்தால் பகடை கண்ணெதிரே உருளுகிறது. சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. நீங்கள் ஆடிய முதல் பாகத்திலும் அதே பகடைதான் உள்ளுக்குள் உருண்டுகொண்டிருந்தது. அடி படாமல் போனதும் “இந்தக் கேம் சரியில்லை” என்று நாம்தான் கணினியைத் திட்டினோம்.

யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை, இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. 2024இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் முதல் விசார்ட்ரியைப் புதுப்பித்தது. படங்கள் புதியவை, ஆனால் அடியில் ஓடுவது 1981இன் அதே ஆட்டம். வேண்டுமானால் ஆப்பிள் டூவின் பழைய திரையை ஒரு மூலையில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆடலாம். பழையதை அழிக்காமல் அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். எனக்கு இது பிடித்த வழி.

இன்னொன்று 2025 ஏப்ரலில் வந்த ஒப்ளிவியனின் மறுபதிப்பு. மூல ஆட்டத்தில் லெவல் ஏறும் முறை ஒரு பொறி. நீங்கள் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். குதிப்பதையும் ஓடுவதையும் முக்கியத் திறனாகத் தேர்ந்தெடுத்தவன் ஊரெல்லாம் குதித்துக்கொண்டே லெவலில் ஏறுவான். எதிரே வருகிற கொள்ளைக்காரனோ அதற்கு ஈடாகப் பலம் கூடி நிற்பான். இவனுக்குத் தெரிந்ததெல்லாம் குதிக்க மட்டும்தான். இதிலிருந்து தப்ப, எந்தத் திறனை எத்தனை முறை உயர்த்திவிட்டுத் தூங்கப்போவது (தூங்கி எழுந்தால்தான் லெவல் ஏறும்) என்று தாளில் கணக்கு வைத்து ஆடியவர்கள் உண்டு. மறுபதிப்பில் அந்தக் கணக்கை ஒழித்துவிட்டு, லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளி, விரும்பிய இடத்தில் போட்டுக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள். அந்தப் பொறியில் விழுந்து எழுந்த யாரோ எடுத்த முடிவாகத்தான் அது எனக்குப் படுகிறது. திசைகாட்டி அம்பை மட்டும் அவர்கள் தொடவில்லை. தொட்டிருந்தால், 2006இல் எழுதாமல் விட்ட வழிக்குறிப்புகளையெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்திருக்கும், பிறகு நடிகர்களைக் கூப்பிட்டுப் பேசவும் வைக்க வேண்டியிருந்திருக்கும்.