சேவைக்குப் போனால் என் பென்ஷன் குறையுமா?

கேள்வி: வணக்கம் மேடம். குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில், பரதராமிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வயது 34. ராணுவத்தில் ஏழு வருடம் சிப்பாயாக இருந்தேன். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மெடிக்கல் போர்டில் 60 சதவீத பாதிப்பு, வாழ்நாளுக்கு என்று எழுதி அனுப்பினார்கள். பென்ஷன் மாதம் 48,000 வருகிறது. செலவு 54,000. (வீட்டுச் செலவு 24,000, வீட்டுக் கடன் தவணை 11,500, பிள்ளை படிப்பு 6,500, அப்பா அம்மாவுக்கு 7,000, வண்டி, இன்ஷூரன்ஸ் 5,000.) படையிலிருந்து வந்த பணம் 22 லட்சம் ஒரே கூட்டுறவு வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது. வட்டி முதலோடு சேர்கிறது, கைக்கு வராது. பற்றாக்குறைக்கு மனைவியின் நகையை 60,000-க்கு அடகு வைத்திருக்கிறோம். வீட்டுக் கடன் பாக்கி எட்டரை லட்சம். மகளுக்கு ஏழு வயது.

ஒரு அறக்கட்டளை, காயம்பட்ட முன்னாள் வீரர்களுக்கு ஒரு வருட சேவை ஃபெலோஷிப் தருகிறது. மாதம் 15,000. காலையில் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படும் பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி. பகலில் இந்தப் பக்கமும் ஆந்திரா பக்கமும் உள்ள வயதான வீரர்கள், வீரர்களின் விதவைகள் ஆகியோருக்கு பென்ஷன் காகித வேலையில் உதவி. அமெரிக்காவில் இருக்கும் ஒரு திட்டத்தைப் பார்த்துத் தொடங்கியதாம். மனசு அதற்குத்தான் இழுக்கிறது. மனைவியோ வேலூர் நகைக்கடை செக்யூரிட்டி வேலைக்குப் போகச் சொல்கிறாள், அது 22,000. கூட சர்வீஸ் பண்ணின ஒருத்தர், "இப்படி ஓடியாடி வேலை செய்தால் நீ நல்லாத்தான் இருக்கேன்னு பென்ஷனைக் குறைச்சிடுவாங்க" என்கிறார். மச்சான் வேறு, சித்தூரில் ஒரு சீட்டில் ஐந்து லட்சம் போட்டால் ரெண்டு வட்டி வரும் என்று நச்சரிக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள் தம்பி. குறையாது.

உங்களுக்கு வருவது, சும்மா இருப்பதற்காகக் கொடுக்கிற பணம் இல்லை. நாட்டு வேலையில் உடம்பில் ஒரு பங்கை இழந்ததற்கான பணம். நீங்கள் காலையில் பையன்களோடு மைதானத்தில் நின்றாலும் அந்தக் கால் திரும்பி வரப்போவதில்லை. நிரந்தர பாதிப்பு என்று மெடிக்கல் போர்டு எழுதிய சதவீதம் வாழ்நாளுக்கும் இறுதியானது, வீரர் தானாக மறுபரிசோதனை கேட்டால் ஒழிய அதைத் தொட மாட்டார்கள் என்பது 2001-லேயே வந்த உத்தரவு. அதனால் யார் சொன்னாலும் நீங்களாகப் போய் "மறுபடி பாருங்கள்" என்று விண்ணப்பிக்காதீர்கள். 1971 போரில் கண்ணிவெடியில் கால் போன இயான் கார்டோசோ, செயற்கைக் காலோடு பட்டாலியனுக்கே தலைமை தாங்கி, மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தவர். காயம் பட்டவர் வேலை செய்வதில் தப்பு காணுகிற பேச்சுக்கு நம் பட்டாளத்தின் வரலாற்றிலேயே இடமில்லை.

ஒன்று மட்டும் கவனம். மத்திய, மாநில அரசிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ மறுவேலைக்குச் சேர்ந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். பென்ஷனின் அகவிலைப்படி விதிகள் அங்கே குறுக்கே வரும். தனியார் அறக்கட்டளை தரும் தொகைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

கடிதத்தில் 60 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பி.பி.ஓ.வை, அதாவது பென்ஷன் உத்தரவை, இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவக் காரணத்தால் போர்டு அவுட் ஆனவர்களுக்கு, அதாவது படையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு, 50-க்குக் குறைவானதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். உங்களுக்கு 75-க்குத்தான் பணம் வர வேண்டும். 60-க்கே வந்துகொண்டிருந்தால், வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஸ்பர்ஷ் என்ற ராணுவ பென்ஷன் இணையதளத்தில் புகார் போடுங்கள். விட்டுப்போன தொகையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படியே மனைவியின் பெயர், பிறந்த தேதி அதில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் எல்லைப் பக்கத்தில் இது பெரிய தலைவலி. ஆதாரில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தெலுங்கு வாடையோடு இன்னொரு பெயர் என்று இருந்தால், வீரருக்குப் பிறகு குடும்ப பென்ஷன் வாங்க அவர் மனைவி எத்தனை படி ஏற வேண்டியிருக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு இரண்டு மொழியும் வரும் என்றால் அந்த அறக்கட்டளைக்கு உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

வரி விஷயம் சுருக்கமாக. பணியில் பட்ட காயத்தால் போர்டு அவுட் ஆனவருக்கு பென்ஷனில் சர்வீஸ் எலிமென்ட் (பணிக்கான பங்கு), டிசபிலிட்டி எலிமென்ட் (பாதிப்புக்கான பங்கு) இரண்டுக்குமே வருமான வரி கிடையாது. 2019 ஜூன் மாதச் சுற்றறிக்கையும் இதை உறுதி செய்தது. ஃபெலோஷிப் பணத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. படிப்புக்கான உதவித்தொகைதான் வரியிலிருந்து தப்பும். இது வேலைக்கான பணம், வருடத்துக்கு 1,80,000. வட்டியையும் கூட்டினாலும் நீங்கள் 4 லட்சத்தைத் தாண்டவில்லை. புதிய வரி முறையில் அதுவரை வரியே இல்லை. அறக்கட்டளை 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தால் பதறாதீர்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்பி வரும்.

இனி 22,000-ஆ, 15,000-ஆ என்ற கேள்வி. உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகை அடகில் இருக்கும் வீட்டில் மாதம் 7,000 வித்தியாசம் சின்னதில்லை. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் கால் சேரவில்லை.

என் தாய்மாமாவும் பட்டாளத்தில் காலை இழந்தவர். காலையில் கட்டைக்கால் மாட்டும்போது இரண்டு சாக்ஸ் போடுவார். மத்தியானத்துக்குள் மீதமிருக்கும் கால் சுருங்கி, சாக்கெட்டுக்குள் ஆட ஆரம்பிக்கும். உட்கார்ந்து கழற்றி மூன்றாவது சாக்ஸ் போடுவார். அக்னி நட்சத்திர வெயிலில் லைனரை (காலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே மாட்டும் உறையை) உருவித் தலைகீழாகப் பிடித்தால் வியர்வை சொட்டுச் சொட்டாக வடியும். துடைத்துக் காயவைத்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும். இதற்குக் கால்மணி நேரமாவது வேண்டும், உட்கார ஒரு மறைவான இடம் வேண்டும். நகைக்கடை வாசலில் 12 மணி நேரம் நிற்கிறவருக்கு அதை யார் கொடுப்பார்கள்? தோல் ஒருமுறை புண்ணானால் வாரக்கணக்கில் காலே மாட்ட முடியாது. அந்த மாதச் சம்பளம் அதோடு போச்சு. 22,000 என்பது எல்லா மாதமும் வருகிற 22,000 இல்லை.

இதையே அறக்கட்டளையிடமும் பேசுங்கள். அவர்கள் முன்மாதிரியாகச் சொல்வது, 2007-ல் எரிக் கிரைட்டன்ஸ் தொடங்கிய தி மிஷன் கன்டின்யூஸ் திட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவமனையில் கிடந்த வீரர்களிடம் இனி என்ன செய்ய ஆசை என்று கேட்டபோது, யூனிட்டுக்கே திரும்பணும் என்றார்கள். அது முடியாதென்றால்? அப்போதும் ஏதாவது ஒரு விதத்தில் சேவை செய்யணும் என்றார்கள். அங்கிருந்து பிறந்ததுதான் அந்த ஃபெலோஷிப். அதில் நான் மதிக்கிற இரண்டு விஷயங்கள் உண்டு. வாரம் சுமார் 20 மணி நேரம்தான் வேலை, உடம்புக்கும் சிகிச்சைக்கும் நேரம் மிஞ்சியது. காலம் முடியும்போது வீரர் நிரந்தர வேலை, படிப்பு, தொடர்ந்த சேவைப் பொறுப்பு மூன்றில் ஒன்றை எட்டியிருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே குறி வைத்திருந்தார்கள். உங்கள் அறக்கட்டளை 15,000-க்கு வாரம் எத்தனை மணி நேரம் கேட்கிறது? பதிமூன்றாவது மாதம் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று அவர்களிடம் பதில் இருக்கிறதா? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். படிப்பு என்றால் 1917-ல் பம்பாயில் தொடங்கி, இப்போது புனே கிர்க்கியில் இயங்கும் குயின் மேரி தொழில்நுட்ப நிலையம், காயம்பட்ட வீரர்களுக்கென்றே இருப்பது. அதையும் விசாரித்து வையுங்கள். விபத்துக் காப்பீடு அவர்கள் பெயரில் எடுக்கட்டும், ஆந்திரா பக்கம் வண்டியில் அலைகிற செலவு தனியாக வருமா என்றும் கேளுங்கள். நன்கொடை நோட்டீஸில் உங்கள் காலின் படத்தை உங்களைக் கேட்காமல் போடக் கூடாது என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 22 லட்சம். ஒரே வங்கியில் இருப்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. வங்கிக்கு ஏதாவது ஆனால், முதலும் வட்டியும் சேர்த்து ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. மீதி 17 லட்சம் அந்தரத்தில் நிற்கிறது. கையில் 22 லட்சம் இருக்க, நகை ஏன் அடகுக் கடையில் கிடக்க வேண்டும்?

15 லட்சத்தை மனைவியோடு சேர்ந்து தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் போடுங்கள். கூட்டுக் கணக்குக்கு அதுதான் உச்சவரம்பு. 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய் கைக்கு வரும். சேருகிற நாளில் உள்ள வட்டி ஐந்து வருடமும் மாறாது. பென்ஷனோடு கூட்டினால் 57,250. செலவு 54,000. ஃபெலோஷிப் பணத்தைத் தொடாமலே வீடு நடக்கும். இந்த ஒரு வரியை மனைவியிடம் காட்டுங்கள், மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

4 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். மாறும் வட்டியில் உள்ள வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அதே 11,500 போகட்டும். ஒன்பது சதவீத வட்டி என்று வைத்தால், ஒன்பது வருடம் இழுக்கும் கடன் நான்கு வருடத்துக்குள் முடியும். மீதி 3 லட்சத்தில் முதல் வேலையாக நகையை மீட்டு வாருங்கள். எஞ்சியது அவசரத்துக்காக வங்கியிலேயே இருக்கட்டும், காப்பீட்டு வரம்புக்குள்தான் வரும்.

15,000 வந்ததும் 4,000 பெட்ரோலுக்கு. 5,000 காலுக்கு. முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டம் ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது, புனே செயற்கைக் கால் மையம் இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் லைனர் கிழிகிற நாளில் அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. மீதி 6,000-ஐ ஆர்.டி.யில் போட்டால், வருடம் முடியும்போது அடுத்த வேலை கிடைக்கும்வரை தாங்க 72,000-க்கு மேல் இருக்கும். மாதம் மிஞ்சும் 3,250-இல் 3,000 மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். பத்து வயதுக்குள் தொடங்கினால்தான் உண்டு.

மச்சானின் சீட்டு வேண்டாம். சீட்டு என்பது ஏலத்தில் தள்ளி எடுப்பது. அதில் மாதம் ரெண்டு வட்டி என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படிச் சொல்கிறவர் நடத்துவது சீட்டு இல்லை, டெபாசிட் வசூல். அனுமதியில்லாத டெபாசிட் வசூலைத் தடை செய்து 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. சீட்டுப் பதிவு எண்ணைக் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். உறவு கெடுமே என்று தயங்கினால், பணம் தபால் நிலையத்தில் மாட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை, ஒரு வருடத்துக்கு எடுக்கவே முடியாது.

ஃபெலோஷிப்பில் சேர்ந்தபின் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். பாட்டிமார் உயிர்ச்சான்று போட வரும்போது போனையே உங்கள் கையில் கொடுத்து "நீயே பார்த்துக்கோப்பா" என்பார்கள். ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் உங்கள் நோட்டில் எழுதி வைக்காதீர்கள். அவர்கள் எதிரிலேயே முடித்து, ரசீதை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

இதையெல்லாம் உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். முதலில் நகையை மீட்டுவிட்டு, பிறகு இருவருமாகத் தபால் நிலையத்துக்குப் போங்கள். கூட்டுக் கணக்குக்கு அவர் கையெழுத்தும் வேண்டும்.