டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: பிளாஸ்டிக் கேள்வி-பதில்

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறது. ஐந்து முறைதான் பயன்படுத்தலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

இல்லை. அந்த எண் ஆயுளையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது. எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்லும். கழிவுகளைத் தரம் பிரிப்பவர்களின் வசதிக்காக 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்த அடையாளம் அது. 1 பெட், 2 அடர்த்தி மிகுந்த பாலித்தீன், 3 பிவிசி, 4 அடர்த்தி குறைந்த பாலித்தீன், 5 பாலிபுரொப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். இவற்றில் அடங்காத எல்லாம் 7. என்னைக் கவலைப்படுத்துவது இந்த 7தான். பாலிகார்பனேட்டும் அதில் வருகிறது, மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏவும் அதில் வருகிறது. இரண்டுக்கும் குணத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 7 என்று இருந்தால் பொருளின் பெயரையும் தேடிப் படியுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றியதும் சுருங்கிவிட்டது. போலிச் சரக்கா?

நல்ல பாட்டிலும் அப்படித்தான் சுருங்கும். பெட் பாட்டில் முதலில் சோதனைக் குழாய் போல் தடித்த சிறு குழாயாகத்தான் பிறக்கிறது. அதைச் சூடாக்கி, இழுத்து, காற்று ஊதி உப்ப வைக்கிறார்கள். அந்த இழுவிசை உள்ளே உறைந்து கிடக்கிறது. பெட் உருகுவதற்கு 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் 75 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். இளகியதும் பழைய உருவத்தை நோக்கிச் சுருங்குகிறது. உங்கள் பாட்டிலையே பாருங்கள்: உடல் குறுகியிருக்கும், திருகுமறை உள்ள கழுத்து அந்த அளவுக்குக் குறுகியிருக்காது. கழுத்தை யாரும் இழுத்து ஊதவில்லை.

எண் 5 டப்பாவை மைக்ரோவேவில் வைக்கலாமா?

‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்று தனியாக அச்சிட்டிருந்தால் வைக்கலாம். பாலிபுரொப்பிலீன் உருக ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். ஆனால் எண்ணெய் மிதக்கும் குழம்பு 100 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதற்கு நான் கண்ணாடிப் பாத்திரத்தைத்தான் எடுக்கிறேன்.

தெர்மாகோல் பெட்டியில் வைத்திருந்த ஒயர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. ஏன்?

பிவிசி இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைத் தொட்டால் தெரியும். அதை ஒயர் உறைபோல் வளைய வைக்க, இளக்கி என்னும் எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அது மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனை, அதாவது தெர்மாகோலை, கரைத்துவிட்டது. ஒயர் கிடந்த தடம் பள்ளமாகவே பதிந்திருக்குமே! இனிமேல் பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

குக்கர் கைப்பிடி ஏன் உருகுவதில்லை?

அது பேக்கலைட். 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கியது. ஒருமுறை இறுகினால் பிறகு இளகாது. ஆகவே உருக்கி மறுவார்ப்பும் செய்ய முடியாது.

மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வெளிறிவிட்டது. இன்னும் உட்காரலாமா?

வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிபுரொப்பிலீனின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுதுண்டாக அறுக்கிறது. கரித்தூள் கலந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வெயிலில் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், கரி அந்தக் கதிரை விழுங்கிக்கொள்வதுதான். நாற்காலியின் காலை விரலால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினாலோ மயிரிழை விரிசல் தெரிந்தாலோ அதில் உட்கார வேண்டாம். பல்பு மாற்ற அதன்மேல் ஏறவே வேண்டாம்.