வாசகர் கேள்வி – பதில்: பூட்டிய கைபேசியிலிருந்தும் 112

கேள்வி: அப்பா காலமான பிறகு அம்மாவைத் தென்காசியிலிருந்து செம்பூருக்கு அழைத்து வந்துவிட்டோம். நானும் கணவரும் வேலைக்குப் போனால் மாலைவரை அவர் தனியாகத்தான் இருப்பார். தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. திடீரென்று உடம்புக்கு ஏதாவது வந்தால் எந்த எண்ணை அழைப்பது, என்ன பேசுவது?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான 112 என்ற ஒரே எண்ணை அம்மா மனப்பாடம் செய்துகொண்டால் போதும். ஆம்புலன்சுக்கு மட்டும் 108ஐயும் அழைக்கலாம். கைபேசி பூட்டியிருந்தாலும், கடவு எண் மறந்துபோனாலும், திரையின் அடியில் தெரியும் ‘அவசர அழைப்பு’ என்பதைத் தொட்டு 112ஐ அழைக்க முடியும். ரீசார்ஜ் தீர்ந்திருந்தாலும் கவலையில்லை. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்தில், அருகில் வேறு நிறுவனத்தின் கோபுரம் இருந்தால் அதன் வழியாகவும் இந்த அழைப்பு செல்லும். ஆனால் வாட்ஸப்பிலிருந்து 112ஐ அழைக்க முடியாது என்பதை அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்; வயதானவர்கள் பலருக்கு இன்று போன் என்றாலே வாட்ஸப்தான்.

பேசும்போது முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு வலி எப்போது தொடங்கியது என்பதெல்லாம் பிறகுதான், ஏனெனில் நடுவில் இணைப்பு அறுந்துபோனாலும் வண்டி புறப்படுவதற்கு முகவரி அவர்கள் கையில் இருக்கும். மும்பையில் ‘செம்பூர்’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் இடம் விளங்காது. ரயில் பாதைக்குக் கிழக்கா மேற்கா, சொசைட்டியின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) பெயர், எந்த விங் (பிளாக்), எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன கோயில் அல்லது நாக்கா (சாலைச் சந்திப்பு) என்பதுவரை சொல்ல வேண்டும். இத்தனையையும் “மதத் சாஹியே, செம்பூர் ஈஸ்ட்…” என்று தொடங்கி, ஹிந்தியில் இரண்டே வாக்கியங்களாக, ஆனால் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி, அம்மா படுக்கும் இடத்துக்கு அருகே ஒட்டிவையுங்கள். அவர் அதைப் பார்த்து வாசித்தாலே போதும். வாரம் ஒரு முறை உங்களிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பழக்கமில்லாத வாய்க்குப் பதற்றத்தில் ஹிந்தி வராது.

பட்டன் போன் என்றால் 5 அல்லது 9 என்ற எண்ணை நீண்ட நேரம் அழுத்தினாலே அவசர அழைப்பு செல்ல வேண்டும் என்பது 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் போன்களுக்கான விதி. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து சில முறை அழுத்த வேண்டும். மாடலுக்கு மாடல் எண்ணிக்கை மாறுவதால் செட்டிங்ஸில் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அவசரத் தொடர்பாக உங்கள் எண்ணை ‘மகள்’ என்று தமிழில் பதிந்து வைத்திருப்பீர்கள். அம்மா வெளியே மயங்கி விழுந்தால், போனை எடுத்துப் பார்க்கும் மராத்திக்காரரால் அதைப் படிக்க முடியாது. அந்தப் பெயரையும், பூட்டிய திரையில் தெரியும்படி வைக்கும் இரத்த வகை, மருந்து விவரங்களையும் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ பதியுங்கள். எதிர் வீட்டாரின் எண்ணும் வாட்ச்மேனின் எண்ணும் ஒரே தொடுதலில் போகும்படி முகப்பில் இருக்கட்டும். எந்த வண்டியையும்விட அவர்கள்தாம் முதலில் வந்து சேர்வார்கள்.

கேள்வி: லோக்கல் ரயிலில் கைபேசி திருட்டுப் போனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தாராவி

பதில்: முதல் வேலை, வேறொருவர் போனிலிருந்து சிம்மை முடக்கச் சொல்வதும் வங்கிக்குத் தெரிவிப்பதும். பணம் போயிருந்தால், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐத் தாமதமின்றி அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போவதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். பிறகு ரயில்வே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகலை வாங்கி, அதே எண்ணில் மாற்று சிம் எடுத்து, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கலாம். அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வேண்டும். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். போன் கையில் இருக்கும்போதே, இன்றைக்கே, ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தை விளையாட்டாக 112ஐ அழுத்திவிட்டது. பயந்து துண்டித்துவிட்டேன். சரிதானா?
– வாசகி, முலுண்ட்

பதில்: துண்டித்தால், ஆபத்தில் இருப்பவரால் பேச முடியவில்லையோ என்று எண்ணித் திரும்ப அழைப்பார்கள். இணைப்பிலேயே இருந்து, தவறுதலாக வந்த அழைப்பு என்று சொல்லிவிட்டு வையுங்கள்.