நுணல் எது? அது தன் வாயால் எப்படிக் கெடுகிறது?

கேள்வி: "நுணலும் தன் வாயால் கெடும்" என்கிறோம். நுணல் என்பது தவளையா, தேரையா? கத்துவதால் அது உண்மையிலேயே மாட்டிக்கொள்கிறதா?

நுணல் என்றால் தவளை என்று ஒரே சொல்லில் பொருள் எழுதிவிட்டுப் பலர் கடந்துவிடுகிறார்கள். பழமொழி நானூற்றின் அடிகளைச் சேர்த்துப் படித்தால் முன்றுறை அரையனார் எதைச் சொல்கிறார் என்பது தெளிவாகிறது: "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயால் கெடும்." குளத்துத் தவளை மணலுக்குள் முழுகாது. இது மண்ணில் புதைந்து வாழும் தவளை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் அப்படிப் புதையும் தவளைகளில் இரண்டை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று ஸ்பெரோதீகா பிரெவிசெப்ஸ். குட்டைத் தலையும் தடித்த உடலும் கொண்டது. மற்றொன்று யூபெரோடான் சிஸ்டோமா. ஊதிய பலூன் போன்ற உடம்பு, சின்ன வாய், உணவு பெரும்பாலும் கறையானும் எறும்பும். இரண்டையும் 1799-இல் ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் அறிவியல் முறையில் விவரித்தார். நம் புலவர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவற்றின் நடத்தையை ஓரடியில் சொல்லிவிட்டார்.

அடையாளம் பின்காலில் இருக்கிறது. உள்விரலின் அடியில் மண்வெட்டி முனைபோல ஒரு கெட்டியான புடைப்பு இருக்கும். இரு பின்கால்களையும் மாற்றி மாற்றி உதைத்து மண்ணை ஒதுக்கிக்கொண்டே, பின்புறம் முதலில் இறங்க, தவளை அப்படியே கீழே போகும். கடைசியில் மூக்கும் கண்ணும் மறைய, மேலே மணல் மூடிக்கொள்ளும். "தோண்டி" என்று சொல்லாமல் "முழுகி" என்று சொன்னது பார்த்தவர் சொல். சொறித்தவளையும் மண்ணிலும் பொந்திலும் பதுங்கும். ஆனால் அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்த நச்சுச் சுரப்பியும், உடம்பெங்கும் கருமுனை கொண்ட மருக்களும் காட்டிக்கொடுத்துவிடும். தேரை என்ற பெயரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சில ஊரில் அது சொறித்தவளை, சில ஊரில் குளியலறைச் சுவரில் ஒட்டும் மரத்தவளை.

இனி வாய்க்கு வருவோம். கத்தும்போது தவளையின் வாய் மூடியே இருக்கும், மூக்குத் துளைகளும் அடைபட்டிருக்கும். நுரையீரல் காற்று குரல்வளையை அதிரவைத்துத் தொண்டைப் பைக்குள் போய், மறுபடி நுரையீரலுக்கே திரும்புகிறது. பெரும்பாலும் ஆண்தான் கத்தும். மாதக்கணக்கில் மண்ணுக்குள் சத்தமில்லாமல் கிடந்தது ஏன் இப்படி ஊரைக் கூட்ட வேண்டும்? முட்டையிடுவது மழைநீர்க் குட்டையில். அது வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் வளர்ந்து கரையேற வேண்டும். கனமழைக்குப் பின் வரும் சில இரவுகளைத் தவறவிட்டால் அந்தப் பருவமே போய்விடும்.

பாம்பு சத்தம் கேட்டு வருகிறது என்பார்கள். பாம்புக்குச் செவிப்பறை கிடையாது. தரை அதிர்வையும் தாழ்ந்த ஒலியையும் உணரும். இரையைத் தேட அதற்குப் பெரிதும் உதவுவது நாக்கு பிடிக்கும் வாசனை. பழமொழிக்கு வலுவான சான்று பனாமா நாட்டிலிருந்து வந்தது. அங்குள்ள டுங்காரா தவளையின் ஆண் முதலில் நீண்ட ஓர் ஒலி எழுப்பி, பிறகு "சக்" என்று துண்டு ஒலிகளைச் சேர்க்கும். துண்டு ஒலி சேர்ந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். தவளையைப் பிடித்துத் தின்னும் டிராக்காப்ஸ் என்ற வௌவாலுக்கும் அதுதான் பிடிக்கும்! மெர்லின் டட்டிலும் மைக்கேல் ரையனும் 1981-இல் இதைப் பதிவுசெய்த ஒலிகளால் சோதித்துக் காட்டினார்கள். வௌவாலின் நிழல் கண்டு தவளை சட்டென்று வாயடைத்தாலும் தப்புவது கடினம். கத்தியபோது எழுந்த நீரலைகள் இன்னும் சில நொடி பரவிக்கொண்டிருக்கும்; வௌவால் அவற்றை எதிரொலியால் அறிந்துகொள்ளும்.

மனிதரும் இந்த வழியில்தான் பிடித்தார்கள். இந்தியாவில் 1987-இல் தவளைக்கால் ஏற்றுமதி தடைசெய்யப்படும் வரை, மழை இரவுகளில் சத்தம் வரும் பக்கம் போய், விளக்கொளியில் கண் கூசி நிற்கும் பெரிய தவளைகளைச் சாக்கில் அள்ளினார்கள். முட்டையிட வந்த கூட்டத்தையே அள்ளியதுதான் பெரிய கேடு.

நுணலை நேரில் பார்க்க வேண்டுமானால் மண்ணைத் தோண்டாதீர்கள். மண்வெட்டி பட்டால் செத்துவிடும். பருவத்தின் முதல் கனமழை பெய்த அன்றிரவு, வயலோரம் புதிதாக நீர் தேங்கிய இடத்துக்குப் போங்கள். தனியாகப் போனால் திசை ஏமாற்றும். இருவர் பத்தடி இடைவெளியில் நின்று ஆளுக்கொரு பக்கமிருந்து கை காட்டினால், இரு கோடும் சந்திக்கும் இடத்தில் தவளை இருக்கும். நெருங்கியதும் சத்தம் நின்றுவிடும். அப்போதுதான் பலர் திரும்பிவிடுகிறார்கள். விளக்கை அணைத்து அசையாமல் சில நிமிடம் நில்லுங்கள். ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். கொசு மருந்து பூசிய கையால் தொடக் கூடாது. அதன் தோல் ஈரத்தோடு மருந்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பின்காலின் புடைப்பைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், மழைநீரில் கையைக் கழுவி நனைத்தபின் அரை நிமிடம் மட்டும் எடுத்துப் பார்த்து, எடுத்த இடத்திலேயே விடுங்கள்.